டி-10 அடி, வீல் செயார்: மூச்சு வாங்க எக்ஸர்சைஸ் செய்யலாமா? இதயத்துக்கும் மூளைக்கும் என்ன லாபம்?

மஸ்கெலியா மழை:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சிட்டு மட்டும் போனவன், இப்பதான் எழுதுறேன்.

நிழல் மரத்துல ஏறி கிளை வெட்டுறப்ப விழுந்தது. முள்ளந்தண்டு டி-10 (நெஞ்சுப் பகுதியில மேல இருந்து பத்தாவது எலும்பு), கம்ப்ளீட், அதாவது அதுக்குக் கீழ நரம்பு முழுசா வேலை செய்யல. கைக்கும் நெஞ்சுக்கும் ஒரு குறையும் இல்ல, தொப்புளுக்குக் கீழ உணர்ச்சி இல்ல. புண் வராம பார்த்துக்கிறேன், யூரினும் சுத்தமா இருக்கு. எல்லாம் சரின்னு நெனச்சிட்டு இருந்தா, போன கிளினிக்ல ரத்த ரிப்போட்டைப் பார்த்த டொக்டர் "நல்ல கொலஸ்ட்ரோல் ரொம்பக் கொறைவு, சீனியும் எல்லையில நிக்குது"ன்னு சொல்லிட்டாரு. எனக்கு இன்னும் நாப்பது ஆகல. ஆளும் தடி இல்ல. "எக்ஸர்சைஸ் பண்ணுங்க"ன்னு ஒரே வரி, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க.

என்ன எக்ஸர்சைஸ்? லயத்துல இருக்கோம். வாசல்ல ஒரு பாகம் சிமெந்து, அதுக்கு அங்கிட்டு படி, படிக்குக் கீழ சரிவு. செயாரைத் தள்ளிக்கிட்டுப் போற அளவுக்கு சமமான ரோடு இந்த டிவிஷன்லயே இல்ல. யூடியூப்ல பார்த்தா வெளிநாட்டுக்காரங்க மெசின்ல உட்கார்ந்து மூச்சு முட்ட இழுக்குறாங்க. கடுமையா செஞ்சாத்தான் இதயத்துக்கும் மூளைக்கும் பிரயோசனம்னு ஒருத்தர் பேசுறாரு. உண்மையா? அப்படின்னா எவ்வளவு? மூளைக்கு என்ன சம்பந்தம்?

கிளாக்கரையா:

தம்பி, வயசுல மூத்தவன் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பெரிய அடிபட்ட உடம்பு. எண்ணெய் தேய்ச்சு கை காலை நீட்டி மடக்கி விட்டாப் போதும். மூச்சு வாங்க வாங்க செய்றது பழைய லொறிய மேட்டுல நாலாங் கியர்ல ஏத்துற கதை. வெளிநாட்டுல பக்கத்துல நர்ஸ் நிப்பாங்க, மெசின் நிக்கும். நமக்கு இங்கேருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ கெடைக்கவே பாதி ராத்திரி ஆயிடும்.

பிஸியோ அக்கா (கண்டி):

தம்பி, லெவலை, அதாவது எந்த எலும்பு மட்டத்துல அடின்னு, முதல் வரியிலேயே எழுதினது நல்லது. இந்த விஷயத்துல எந்தப் பதிலும் லெவல்ல இருந்துதான் தொடங்கணும். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் செய்யக் கூடாதுங்கிறதும் அதனாலதான்.

இதயத்தை வேகப்படுத்துற நரம்புங்க முள்ளந்தண்டோட மேல் பகுதியில, டி-1ல இருந்து டி-5 பக்கம் வரைக்கும் புறப்படுது. உங்க அடி அதுக்கு நல்லாக் கீழ. அதனால உங்க இதயத்துக்கு மூளையோட கட்டளை ஒழுங்காப் போகுது, வேலை கூடினா துடிப்பும் கூடும். கழுத்துல அடிபட்டவங்களுக்கு அப்படி இல்ல. அதை அவங்களே வந்து எழுதட்டும்.

தடி இல்லாம இருந்தும் ரிப்போட் ஏன் இப்படி வருதுன்னா, தொடையும் பிட்டமும்தான் உடம்புலயே பெரிய தசை. சாப்பிட்ட மாவுச்சத்தை உள்ள இழுத்துக்கிறதுல அதுங்களுக்குத்தான் பெரிய பங்கு. அது சுருங்கிட்டா சீனி ரத்தத்துலயே தங்குது, கொழுப்பு வயித்துக்குள்ள சேருது, நல்ல கொலஸ்ட்ரோல் எறங்குது. தராசு இதைக் காட்டாது. சாதாரண ஆளுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 30 தாண்டினாத்தான் உடற்பருமன்னு சொல்றோம். முள்ளந்தண்டு அடிபட்டவங்களுக்கு 22லேயே அப்படி எடுத்துக்கணும்னு அவங்களுக்கான மருத்துவ வழிகாட்டல் சொல்லுது.

எவ்வளவு செய்யணும்னு கேட்டீங்க. 2018ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து முள்ளந்தண்டு அடிபட்ட பெரியவங்களுக்குன்னே ஒரு அளவு வெளியிட்டாங்க. மூச்சுத் திறனும் பலமும் கூடணும்னா, வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு நாளைக்கு 20 நிமிஷமாவது மிதமா இல்லாட்டி கடுமையா. அதோட வேலை செய்ற ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரம் ரெண்டு தடவை பலப் பயிற்சி, மூணு சுற்று. சீனி, கொலஸ்ட்ரோல் பக்கம் பலன் வேணும்னா வாரத்துக்கு மூணு நாள், 30 நிமிஷம். உங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் இலக்கு. ஆனா இன்னைக்கே அரை மணித்தியாலத்துல தொடங்காதீங்க.

இப்ப அந்தக் "கடுமை". கைத்தசை சின்னது. கையால சுத்துற பெடலை ஆற அமர சுத்தினா கை மட்டும் களைச்சிடும், இதயத்துக்கு வேலையே போய்ச் சேராது. அதோட நடக்கிறவங்களுக்கு கெண்டைக்கால் தசை அமுங்கி அமுங்கி ரத்தத்தை மேல அனுப்பும், உங்களுக்கு அது இல்ல, ரத்தம் கால்லயே தங்குது. அதனாலதான் ஒரு நிமிஷம் நல்லா மூச்சு வாங்க, அப்புறம் ஒன்னு ரெண்டு நிமிஷம் லேசா, திரும்ப ஒரு நிமிஷம்னு விட்டு விட்டுச் செய்ற முறை பேசப்படுது. நேரம் மிச்சம், அதுதான் பெரிய லாபம். மிதமாத் தொடர்ந்து செய்றதை விட இதுதான் மேலன்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, ரெண்டுலயும் பலன் உண்டு.

கிளாக்கரையா சொன்னதுல ஒன்னை மட்டும் ஒத்துக்கிறேன். முதல் தடவை தனியாச் செய்யக் கூடாது. கிளினிக்ல ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துட்டுத் தொடங்குங்க.

மஸ்கெலியா மழை:

நன்றி அக்கா. தங்கச்சி மகன் ஒரு கைக்கடிகாரம் தந்திருக்கான், துடிப்பு காட்டும். எத்தனை வரைக்கும் போகலாம்?

கழுத்துக்கு மேல நல்லா இருக்கேன்:

தம்பி, நான் பண்டாரவளை. சி-6, கழுத்து எலும்புல ஆறாவது. ஃபோனுக்குப் பேசிப் பேசித்தான் எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா ஃபோனைத் திட்டுங்க.

கடிகாரம் உங்களுக்கு ஓரளவு சரிவரும். எங்களுக்கு அது வெறும் நகை. உயிர் போற அளவுக்குக் கையைச் சுத்தினாலும் என் துடிப்பு 115ல நின்னுடும். எங்க லெவல்ல பொதுவா 110, 130க்குள்ளதான் உச்சமே. முதல்ல பார்த்தவங்க "நீங்க முயற்சியே பண்ணல"ன்னாங்க. எனக்கு நாக்கு தள்ளுது, மெசினுக்கு நான் சும்மா இருக்கேன்! இதயத்தை வேகப்படுத்துற கம்பி கழுத்துலயே அறுந்துட்டா அப்படித்தான், இதயத்தை மெதுவாக்குற வேகஸ் நரம்பு பிடிச்ச பிடியை விடுற அளவுக்குத்தான் துடிப்பு ஏறும்.

அதனால நான் மூச்சை வச்சுத்தான் கணக்குப் பார்க்கிறேன். பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும். சும்மா இருக்கிறது 0, இனி முடியவே முடியாதுங்கிறது 10. பேசலாம் ஆனா பாட முடியாதுன்னா 5, 6. மனுசிக்கு ரெண்டு மூணு சொல்லுக்கு மேல பதில் சொல்ல முடியலன்னா 7, 8. அவ கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா, அதுதான் என் மீட்டர்.

இன்னும் ரெண்டு விஷயம். ஒன்னு, என் பிரஷர் எப்பவும் 95க்கு 60 பக்கம். படுக்கையில இருந்து எழும்பி உட்கார்ந்த உடனே தொடங்கினா கண்ணு இருட்டிடும். வயித்துல பட்டி கட்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் தொடங்கணும். மற்றது வேர்வை. கழுத்துக்குக் கீழ எனக்கு வேர்க்காது. பண்டாரவளைக் குளிருக்குத் தெரியாது, கொழும்புல சொந்தக்காரங்க வீட்டுல செஞ்சப்ப உள்ளுக்குள்ள சூடேறி ஆள் மயங்கிற நெலமை. ஈரத் துணியைப் பிடரியில போட்டுக்கணும்.

பதுளைத் தங்கச்சி:

எங்க அண்ணனுக்கு டி-4. இதை வாசிக்கிற டி-6க்கு மேல அடிபட்டவங்களுக்காக எழுதுறேன், மஸ்கெலியா அண்ணனுக்கு இது அநேகமா வராது.

அண்ணன் கதவுல ரப்பர் டியூப்பைக் கட்டி இழுத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு தலை வெடிக்குதுன்னாரு. முகம் செவந்து நெத்தி பூரா வேர்வை, ஆனா கால்ல மயிர்க்கூச்செறிஞ்சு தோல் குளிர்ந்து கெடக்கு. வீட்டு மெசின்ல பிரஷர் 170. அவருக்கு வழமையா 100. எக்ஸர்சைஸ் கூடிப்போச்சுன்னு அம்மா படுக்க வைக்கப் போனாங்க. படுக்க வைக்கக் கூடாது! நிமிர்த்தி உட்கார வச்சு, பட்டியை, சப்பாத்தைத் தளர்த்தி, கதீட்டர் (மூத்திரம் போற) குழாயை மேல இருந்து கீழ வரைக்கும் தடவிக்கிட்டே வந்தேன். தொடைக்கு அடியில மடங்கிக் கெடந்துச்சு. செயாருக்கு மாத்துறப்ப சிக்கினது. நிமிர்த்தின உடனே பேக் மளமளன்னு நெறைஞ்சுது. கொஞ்ச நேரத்துல பிரஷர் எறங்கிட்டுது.

இதுக்கு ஓட்டோனொமிக் டிஸ்ரிஃப்ளெக்சியான்னு பேர். மூத்திரப் பை நெறைஞ்சது, மலச்சிக்கல், புண், நகம் உள்ள வளர்றது, இப்படிக் கீழ நடக்கிற எதுவும் இதைக் கிளப்பும். குழாயை, மலத்தைப் பார்த்தும் எறங்கலன்னா தாமதிக்காம ஆஸ்பத்திரி. பெரிய பிரச்சினை ஆஸ்பத்திரியில ஆளுங்களை நம்ப வைக்கிறதுதான். முன்ன ஒரு தடவை போனப்ப "140 எல்லாம் ஒரு பிரஷரா"ன்னு உட்கார வச்சுட்டாங்க. வழமையா 100 இருக்கிற ஆளுக்கு 20, 40 கூடினாலே அவசரம், மூளையில ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். இப்ப அவரோட வழமையான பிரஷர் எவ்வளவு, இப்படி வந்தா என்ன செய்யணும்னு சிங்களத்துலயும் தமிழ்லயும் எழுதி லெமினேட் பண்ணி செயார் பையில வச்சிருக்கோம்.

கிளாக்கரையா:

பார்த்தீங்களா. இதைத்தான் சொன்னேன்.

பதுளைத் தங்கச்சி:

இல்லைங்க ஐயா. குழாய் மடங்கினது எக்ஸர்சைஸால இல்ல. படுத்துக் கெடந்திருந்தாலும் வந்திருக்கும். அண்ணன் இப்பவும் செய்றாரு, தொடங்க முன்ன பேக்கை வெறுமையாக்கிட்டு.

தலவாக்கலை வாத்தியார்:

தங்கச்சி சொன்ன இந்தப் பிரஷர் ஏற்றத்தை வேணும்னே வரவழைச்சுக்கிட்டு ஓட்டப் போட்டிக்குப் போன வீரர்களும் இருந்தாங்க. மூத்திரத்தை அடக்கி வச்சுப் பிரஷரை ஏத்தி, வேகம் கூட்டுறது. 1994லயே பராலிம்பிக் கமிட்டி அதைத் தடை பண்ணிட்டுது. யாருக்கும் அப்படி யோசனை வந்தா விட்டுடுங்க.

மூளைக் கேள்விக்கு வர்றேன், ஏன்னா அதைப் பத்தித்தான் நிறைய புளுகு ஓடுது. 2011ல அமெரிக்காவுல 120 முதியவங்களை வச்சு ஒரு ஆய்வு. ஒரு பகுதியினரை ஒரு வருஷம் நடக்க வச்சாங்க, மத்தவங்க கையைக் காலை நீட்டுற பயிற்சி மட்டும். நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகெம்பஸ் பகுதி சுமார் 2 வீதம் பெருத்துது, மத்தவங்களுக்குச் சுருங்குச்சு. யூடியூப்காரங்க இதைத்தான் எல்லாருக்கும் பொதுவா விக்கிறாங்க. நடக்க முடிஞ்சவங்களைப் பத்தின ஆய்வு அது. முள்ளந்தண்டு அடிபட்டவங்களுக்கு கையைச் சுத்தினா மூளை இத்தனை வீதம் வளரும்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா அவங்களுக்கு மூளைப் பக்கம் ஆபத்து கூடங்கிறது உண்மை. ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் எல்லாத்துலயும் சிரமம் அதிகமாக் காணப்படுது. காரணம் பல. பிரஷர் ஒரு நேரம் பாதாளத்துக்குப் போகுது, ஒரு நேரம் கூரைக்கு ஏறுது, மூளையின் ரத்தக் குழாய்தான் அதைத் தாங்கணும். கழுத்துல அடிபட்டவங்கள்ல பலருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், காலையில எழும்பினா தலை கனக்கும். குறட்டை விடுறவங்க கட்டாயம் டொக்டர்கிட்டச் சொல்லணும். இன்னொன்னு, மரத்துல இருந்து விழுந்தவருக்கு முதுகோட தலையும் அடிபட்டிருக்கலாம். முதுகைப் பார்க்கிற அவசரத்துல லேசான மூளை அதிர்ச்சி யாரு கண்ணுலயும் படாம போயிடும். அதோட சீனி, கொலஸ்ட்ரோல், மனச்சோர்வு. இதுல எதையெல்லாம் உடற்பயிற்சி கொறைக்குதோ அந்த அளவுக்கு மூளைக்கு லாபம்னு சொன்னா அது நியாயமான பேச்சு. கடுமையாச் செய்றப்ப தசையில உண்டாகிற லாக்டேட்டை மூளை எரிபொருளா எடுத்துக்குது, அதுவும் உண்மைதான். அதுக்கு மேல வாக்குறுதி வேண்டாம்.

கிளாக்கரையா:

வாத்தியார் சார், எல்லாம் சரி. நம்ம தோட்டங்கள்ல இப்படிப் படுத்தவங்க இதயத்தாலயா போனாங்க? படுக்கைப் புண்ணு, மூத்திரக் கிருமி. முதல்ல அதைச் சொல்லுங்க.

தலவாக்கலை வாத்தியார்:

அதை மறுக்கவே மாட்டேன் ஐயா. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்ன இங்கிலாந்துலயும் அதேதான், அடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்க புண்ணாலயும் சிறுநீரகக் கிருமியாலயும் போயிட்டாங்க. 1944ல ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன்னு ஒரு டொக்டர் பிரிவு ஒன்னு தொடங்கினாரு. ராத்திரியும் பகலும் திருப்பிப் படுக்க வச்சு, மூத்திரத்தைச் சுத்தமா எடுத்து, அதோட ஆளுங்களைக் கட்டில்ல இருந்து எழுப்பி விளையாட விட்டாரு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்தரையில வீல் செயார் வில்வித்தைப் போட்டி. அதுல இருந்து வந்ததுதான் பராலிம்பிக். புண்ணாலும் கிருமியாலும் சாகாம தப்பினவங்க வயசானப்பதான் இதய நோய் முன்னுக்கு வந்துச்சு. மஸ்கெலியாத் தம்பி புண்ணும் இல்ல, கிருமியும் இல்லன்னு எழுதியிருக்காரு. அடுத்தது அவருக்கு இதுதானே?

இதோட இன்னொன்னையும் சொல்லிடுறேன். இதயத்துல இருந்து வலியைக் கொண்டு போற நரம்பும், அக்கா சொன்ன முள்ளந்தண்டோட மேல் பகுதி வழியாத்தான் வருது. அதனால நெஞ்சு மட்டத்துக்கு மேல அடிபட்டவங்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமப் போகலாம். திடீர்னு மூச்சு முட்டுறது, காரணம் இல்லாத அசதி, தாடை வலி, இதெல்லாம் வந்தா வாயுன்னு இஞ்சி பிளேன்டீ குடிச்சிட்டு இருக்காதீங்க.

சைக்கிள் கடை (ஹட்டன்):

நான் டொக்டர் இல்ல. கை பெடல் செய்றது பத்தி மட்டும் சொல்றேன், ஒரு ஆளுக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்.

பழைய சின்னப் பிள்ளைங்க சைக்கிள் ஒன்னு எடுங்க. பெரிய சைக்கிள் கிராங் நீளம், கை ரொம்பச் சுத்தி தோள் பிடிச்சுக்கும். முன்சில்லையும் ஹேண்டிலையும் வெட்டி எறிஞ்சிட்டு, பெடலும் பின்சில்லும் செயினும் இருக்கிற துண்டை ஒரு பலமான மேசைமேல ஆங்கிள் அயன் வச்சு வெல்ட் பண்ணுங்க. பெடலைக் கழட்டிட்டு அந்த இடத்துல போல்ட் போட்டு, அதுமேல உருளுற மாதிரி பி.வி.சி. குழாய்த் துண்டு. பிடிக்க வசதியா பழைய டியூப்பைச் சுத்திடுங்க. கஷ்டத்தைக் கூட்டக் கொறைக்க பின் பிரேக்கே போதும். கேபிள் திருகை இறுக்கினா கட்டை ரிம்மை உரசும், பாரம் ஏறும். டயர் வேணாம், வெறும் ரிம்.

பழைய தோள்:

யாரும் சொல்லாததை நான் சொல்றேன். வீல் செயார்ல வருஷக் கணக்கா இருக்கேன், ரெண்டு தோளும் போச்சு. உற்சாகத்துல தினமும் இழுத்தேன். கட்டில்ல இருந்து செயாருக்கு, செயார்ல இருந்து கொமோட்டுக்கு, எல்லாத்துக்கும் இதே தோள்தான். இது போயிட்டா தண்ணி குடிக்கவும் ஆள் வேணும். இதயம் நல்லா இருந்து என்ன செய்றது?

பிஸியோ அக்கா (கண்டி):

அண்ணே, நீங்க எழுதினதை நான் முதல் பதிவுலயே சேர்த்திருக்கணும்னு ஒருத்தர் சொன்னாலும் சரிதான், அவ்வளவு முக்கியம். செயார் தள்ளுறப்ப முன் தசை மட்டும்தான் வளரும், பின் தசை பலவீனமாயிடும், தோள் முன்னுக்கு இழுபட்டு உள்ள தசைநாண் நசுங்கும். அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுத்துங்க. பலப் பயிற்சியில இழுக்கிறதுக்கு முதலிடம்: டியூப்பைக் கதவுக் கொண்டியில கட்டி, முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, ரெண்டு தோள்பட்டையும் முதுகுல கிட்ட வர்ற அளவுக்கு. நெஞ்சை விரிச்சு நீட்டுங்க. தலைக்கு மேல பாரம் தூக்காதீங்க. சைக்கிள் கடைக்காரர் செய்ற மேசையில கிராங் அச்சு தோள் மட்டத்துக்கு வரணும், இல்ல கொஞ்சம் கீழ. மேல போகவே கூடாது.

தம்பி, இன்னும் சிலது. செயார் பிரேக் மட்டும் நம்பாதீங்க, பின்சில்லுக்கு கட்டை வைங்க, சரிவுல வீடு. நெஞ்சைச் சுத்தி ஒரு பட்டி, டி-10ல வயித்துத் தசை முழுசா உதவாது, முன்னுக்குச் சாஞ்சிடுவீங்க. கால் எலும்பு இப்ப பலவீனமா இருக்கும், செயார்ல இருந்து ஒரு சின்ன விழுகைக்கே தொடை எலும்பு முறியலாம், வலியும் தெரியாது. அரை மணித்தியாலம் ஒரே இருப்பா இருந்து சுத்தாதீங்க, இடையில முன்னுக்குக் குனிஞ்சு ரெண்டு நிமிஷம் பிட்டத்துக்கு ஓய்வு. முடிஞ்சதும் கண்ணாடி வச்சுத் தோலைப் பாருங்க.

முக்கியமா, குளிர்னு சொல்லி அடுப்படியில காலை நீட்டிக்கிட்டுச் செய்யாதீங்க. ஜனவரிப் பனியில எல்லாரும் அப்படித்தான் உட்காருவோம். உங்க காலுக்குச் சுட்டாத் தெரியாது. சுடுதண்ணிப் போத்தலும் அப்படித்தான். ரெண்டு மேஸ், கம்பளி, அது போதும்.

மஸ்கெலியா மழை:

அம்மா பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. சாப்பாட்டைப் பத்தி ஒன்னும் சொல்லலையேன்னு கேக்குறாங்க. காலையில மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறு, ராத்திரி திரும்ப ரொட்டி. பிளேன்டீ ஒரு நாளைக்குப் பல தடவை, சீனி போட்டு.

பிஸியோ அக்கா (கண்டி):

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. மலைக்குப் போய் கொழுந்து எடுக்கிறவங்களுக்குப் போடுற அளவு ரொட்டியை உங்களுக்கும் போடுறாங்கன்னு நெனக்கிறேன். உங்க உடம்பு செலவழிக்கிறது இப்ப கொறைவு. ராத்திரி ரொட்டியில ஒன்னைக் கொறைச்சு பருப்பும் கீரையும் கூட்டட்டும். பிளேன்டீக்குச் சீனியை விட்டாலே பெரிய காரியம். கொஞ்ச மாசம் ஒழுங்காச் செஞ்சிட்டு அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுங்க. நல்ல கொலஸ்ட்ரோல் லேசுல ஏறாது, அதைப் பார்த்து மனசு விட வேணாம். பட்டினிச் சீனி எறங்குதா, பட்டி எத்தனாவது ஓட்டையில நிக்குதுன்னு பாருங்க.

சைக்கிள் கடை (ஹட்டன்):

தம்பி, செயார்ல நிமிர்ந்து உட்கார்ந்து, தரையில இருந்து தோள் வரைக்கும் எத்தனை அங்குலம்? செயார் கைப்பிடியோட அகலமும் வேணும். மேசைக்கால் ரெண்டுக்கும் நடுவுல செயார் நுழையணும்.

மஸ்கெலியா மழை:

தோள் 41 அங்குலம், அகலம் 25. இன்பொக்ஸ்ல படமும் போட்டிருக்கேன் அண்ணே. வாசல் சிமெந்து ஒரு பக்கம் லேசா சரிவு, அதனால மேசைக்கால் ரெண்டை உயரம் கூட்டிப் போடலாமா?

சைக்கிள் கடை (ஹட்டன்):

காலைக் கூட்ட வேணாம், செயாரும் சரிஞ்சுதான் நிக்கும். வாசலை விட்டுட்டு உள் காம்பராவுல போடுங்க. கதவு எத்தனை அங்குலம்னு அளந்து சொல்லுங்க, மேசையைப் பிரிச்சுக் கொண்டு போறபடி போல்ட்டுல செஞ்சு தர்றேன்.

கழுத்துக்கு மேல நல்லா இருக்கேன்:

இன்னொன்னு செய்றதா இருந்தா பண்டாரவளைக்கும் ஒன்னு. எனக்கு விரல் மடங்காது, குழாய் பிடிக்க முடியாது. கிரேப் பேண்டேஜால கையைக் கட்டித்தான் சுத்துறேன். குழாய் முனையில ஒரு தட்டு வெல்ட் பண்ணினா கை நழுவாது.